முதல் விமானத்துக்கு இரண்டு எலுமிச்சம்பழம்

மலாக்காவிலிருந்து பினாங்குக்கு ஒரு மலிவுக் கட்டண விமானக் கம்பெனி முதல் விமானம் விட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில், விமான நிலைய வாசலில் பதினோரு பேர் ஒரே மாதிரி மஞ்சள் டி-சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். நெஞ்சில் விமானப் படம். முதுகில் ‘முதல் பயணம்’ என்று கொட்டை எழுத்து. போவது ஒரு மணி பத்து நிமிடம். சாயங்காலமே திரும்பி வந்துவிடுவார்கள். இதற்குப் போய் சட்டை அச்சடித்திருந்தார்கள்.

பதினோரு பேருக்கும் தலைவன் நாகமுத்து. மஸ்ஜித் தானாவில் டயர் கடை வைத்திருப்பவன். நானும் அவனும் பிறந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது ஆள் கிடையாது, செம்பனை மரங்களுக்கு நடுவில் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. அந்தக் கோயிலுக்கும் அவன்தான் தலைவன். என் வயதுதான், அறுபத்திரண்டு. ஆறாம் வகுப்பு வரை பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதினான். அப்போதும் தப்பாகத்தான் எழுதினான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் திருச்செல்வம். வீடு ஆயர் குரோவில். செங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் கியூசி வேலை பார்த்தவன். சரக்கு வெளியே போகும் முன் குறை கண்டுபிடிக்கிற வேலை அது. நூறு பெட்டியில் ஒன்றைத் திறப்பேன். அதில் ஒரே ஒரு துண்டு கோணலாக இருந்தாலும் நூறு பெட்டியையும் நிறுத்திச் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். லாரி வெளியே காத்துக்கிடக்கும், மேனேஜர் வந்து கெஞ்சுவான், நான் அசைய மாட்டேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் கண் அந்த வேலையை விடவில்லை. யாரைப் பார்த்தாலும் குறைதான் முதலில் தெரிகிறது. இதற்கு என் மனைவி பவானேஸ்வரி வைத்திருக்கும் பெயர் திமிர்.

எங்களுக்கு ஒரே பெண், ஷாமினி. இன்ஜினியரிங் படித்தவள், பினாங்கில் நல்ல கம்பெனியில் வேலை. நான்கு மாதத்துக்கு முன் சுரேன் என்று ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தினாள். லாரியில் அடுப்பு வைத்து நாசி லெமாக் சோறும் ஆட்டுக்கறி வறுவலும் விற்கிறவன். டிப்ளோமாவைப் பாதியில் விட்டவன். ‘என்ன படிச்சிருக்கே?’ என்று கேட்டேன். ‘படிப்பு ஒத்துவரல அங்கிள்’ என்று சிரித்தான். சிரிக்கிற விஷயமா அது? அந்த லாரிக்காரனுக்குத் தாரை வார்க்க என் கை வராது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை.

கல்யாணத்தை நான் இல்லாமலே ஏற்பாடு செய்தார்கள். வெள்ளிக்கிழமை என் மனைவி தன் தம்பி காளிதாஸின் வேனில் கிளம்பிப் போய்விட்டாள். வாசலில் நின்று ‘கடைசியா கேக்குறேன்’ என்றாள். நான் பேப்பரை மடிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஷாமினி போன் செய்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் குரல்.

“அப்பா, நாளைக்குப் பத்தரையிலருந்து பன்னண்டு வரைக்கும் நல்ல நேரம். பன்னண்டுக்கு எமகண்டம் வந்துரும். நீங்க வந்தா நீங்கதான் தாரை வாக்கணும். வரலன்னா காளிதாஸ் மாமா செய்வாரு. கட்டாயப்படுத்தலப்பா, தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

காளிதாஸ் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சாவு வீட்டில்கூட கார்டு நீட்டுகிறவன். அவன் கையில் என் பெண்ணின் கை இருக்கும், அவன் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள் என்று நினைத்ததும் உட்கார முடியவில்லை. கோபம்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது, எனக்கு என் மகளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். அதை ஒத்துக்கொள்ள ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது.

பஸ் எட்டு மணி நேரம் பிடிக்கும், ராத்திரி பஸ்ஸில் இடமும் இல்லை. கண்ணில் ஆபரேஷன் செய்ததிலிருந்து இருட்டிய பிறகு கார் ஓட்டக்கூடாது. அப்போதுதான் இந்த முதல் விமானம் நினைவுக்கு வந்தது. டிக்கெட் நாற்பத்தொன்பது வெள்ளி என்று விளம்பரம். இணையத்தில் உள்ளே போனால் பைக்குத் தனி, இருக்கைக்குத் தனி, காகிதத்தில் டிக்கெட் எடுத்தால் அதற்கும் தனி. மூச்சுக்குக் காசு கேட்காததுதான் பாக்கி. காலை எட்டேகாலுக்குப் புறப்பாடு, ஒன்பது இருபத்தைந்துக்கு பினாங்கு. ஜெலுத்தோங்கில் கோயில் மண்டபம், டாக்சியில் இருபது நிமிடம். பத்து மணிக்கே போய் நின்றுவிடலாம். வருகிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. பட்டு வேட்டியோடு மண்டபத்துக்குள் நான் நுழையும்போது காளிதாஸின் முகம் எப்படிப் போகும் என்பதைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

விமான நிலையத்தில் திருவிழா. கொம்பாங் மேளம் அடிக்க இருபது பையன்கள். விமானம் போல வெட்டிய கேக். மக்கள் பிரதிநிதி ஒருவர் தாமதமாக வந்து, மலாக்காவின் வரலாறு சுல்தான் காலத்தில் தொடங்கியது என்று ஆரம்பித்து, இன்று காலைதான் அது முழுமையடைந்தது என்று முடித்தார். பேசிவிட்டு ரிப்பனை வெட்டினார், கேக்கை வெட்டினார், காரில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவு பெருமைப்பட்ட விமானத்தில் அவர் ஏறவில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஒரு காகிதப் பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு சாவிக்கொத்து. அதில் கம்பெனியின் பெயர் பாதி அழிந்திருந்தது. நானாக இருந்தால் அந்தப் பெட்டியையே திருப்பி அனுப்பியிருப்பேன்.

நாகமுத்து என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். டயர் கடைக்காரன் கை, ரேகையெல்லாம் கருப்பு. நானும் முதல் விமானம் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். இவர்களோடு என்னையும் சேர்த்துவிட்டானே என்று எரிச்சல். எனக்கு இந்த விளையாட்டெல்லாம் கிடையாது, மகள் கல்யாணத்துக்குப் போகிறேன், பத்தரைக்கு முகூர்த்தம், நான்தான் தாரை வார்க்கவேண்டும் என்று சொன்னேன். ஒருவருக்கும் சொல்லாததை இவனிடம் சொன்னது அந்த எரிச்சலில்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டுச் சொன்னான். பத்துப் பேரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். பவானேஸ்வரி வரவில்லையா என்று ஒருவர் கேட்டார். முன்னாலேயே போய்விட்டாள் என்றேன்.

பிறகு அவர்கள் தேங்காய் உடைக்கப் போனார்கள். விமானத்துக்கு முன்னால் உடைக்க நாகமுத்து அனுமதி கேட்டிருக்கிறான். கம்பெனிப் பெண் பொறுமையாக முடியாது என்று சொல்லியிருக்கிறாள். சரி, வாசலிலாவது உடைப்போம் என்று கார் நிறுத்துமிடத்தில் உடைத்தார்கள். ஒரு சில்லு பறந்து போய் யாரோ ஒருவருடைய காருக்கு அடியில் விழுந்தது. அதைக் குனிந்து தேடினார்கள். மஞ்சள் சட்டையில் நாலு பேர், முதுகில் ‘முதல் பயணம்’. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

விமானம் சிறியது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காற்றாடி. தரையில் நடந்து போய்ப் படியேறவேண்டும். நடந்து போகும்போது ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். பணிப்பெண்கள் சிரித்துக்கொண்டே நகரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாகமுத்து குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதைப் பார்த்தேன். அவன் போட்டிருந்தது வார் இல்லாத செருப்பு. நிமிர்ந்தபோது, சக்கரத்துக்கு முன்னால் தரையில் இரண்டு எலுமிச்சம்பழம் இருந்தது.

புதுக் கார் வாங்கினால் நம் ஆட்கள் செய்வதுதான். சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கி எடுத்தால் திருஷ்டி போகும். அவன் கடையில் டயர் மாற்றுகிற லாரிக்கெல்லாம் இலவசமாகச் செய்து விடுவான். சீனன் லாரி, மலாய்க்காரன் லாரி என்று பார்ப்பதில்லை. இப்போது விமானத்துக்கும் செய்துவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. படித்து, வேலை பார்த்து, தோட்டத்துப் பிள்ளைகள் மனிதர்களாகிவிட்டோம் என்று நான் நம்பிக்கொண்டிருக்க, இவன் ஒருவன் போதும், எல்லாவற்றையும் மறுபடி தோட்டத்து லயத்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

இருக்கையில் உட்கார்ந்தேன். ஒரு வரிசை தள்ளி நாகமுத்து. பெல்ட்டை மாட்டத் தெரியாமல் பக்கத்து ஆளின் பெல்ட்டோடு சேர்த்து மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினான். பிறகு என் பக்கம் சாய்ந்தான்.

“செல்வம், பழம் வெச்சிட்டேன்லா. நாங்க சும்மா சுத்திப் பாக்கப் போறவங்க. ஒனக்குத்தான் நல்ல காரியம். நல்லபடியா போய்ச் சேரணும்.”

எனக்காக வைத்தானாம். அதுதான் தாங்க முடியாமல் போயிற்று. அவனுடைய முட்டாள்தனத்துக்கு நான் காரணமா? நாளைக்கு இது வெளியே தெரிந்தால் என் பெயரையும் சேர்த்தல்லவா சொல்வான்? தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினேன்.

பணிப்பெண் வந்தாள். சின்னப் பெண், ஷாமினி வயதுகூட இருக்காது. நான் நல்ல மலாயில், நிதானமாக, சுற்றியிருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இடப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பயணி பொருள் வைத்திருக்கிறார், விமானம் கிளம்புவதற்கு முன் எடுப்பது நல்லது. யார் என்று கேட்டாள். நாகமுத்துவைக் காட்டினேன். ஒருவன் ஓடிப்போய் இரண்டு பழத்தையும் பொறுக்குவான், நாலு பேர் பார்க்க நாகமுத்து தலைகுனிவான், இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவோம். இதுதான் என் கணக்கு.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. முன்பக்கம் ஓடினாள். கேப்டன் வெளியே வந்தார். தரையில் ஆட்கள் ஓடினார்கள். பழத்தை எடுத்தார்கள், ஆனால் அதோடு முடியவில்லை. சக்கரத்தடியில் ஒருவன் போய் ஒன்றை வைத்திருக்கிறான் என்றால் இயந்திரத்துக்குள் எதையும் போடவில்லை என்று என்ன நிச்சயம்? எல்லோரும் இறங்கவேண்டும். எல்லாப் பைகளும் இறங்கவேண்டும். விமானம் முழுக்கச் சோதிக்கவேண்டும். சோதித்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர் சுபாங் விமான நிலையத்திலிருந்து காரில் வரவேண்டும்.

படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு துண்டு கோணல் என்றால் நூறு பெட்டியும் நிற்கும். இருபத்தொன்பது வருடம் இதைத்தானே செய்தேன்? எத்தனை லாரி என்னால் வாசலில் காத்துக்கிடந்தது? பெட்டிக்குள் நானும் இருக்கிறேன் என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை. இத்தனை பெரிய அறிவாளிக்கு.

போலீஸ்காரர் இருவர் வந்து நாகமுத்துவைத் தனியாக அழைத்துப் போனார்கள். போகும்போது அவன் என்னைப் பார்த்தான். சண்டைக்கு வருவான் என்று தயாராக நின்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, போலீஸ்காரரிடம் ஏதோ கெஞ்சினான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவன் போனில் பேசுவது தெரிந்தது. கை கூப்பினான், கண்ணைத் துடைத்தான், மறுபடி பேசினான். மக்கள் பிரதிநிதியைப் பிடித்து வெளியே வரப் பார்க்கிறான் என்று நினைத்தேன். இந்த ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய மனிதர் வேண்டும்.

மஞ்சள் சட்டைக்காரர்கள் யாரும் என் பக்கம் வரவில்லை. கொம்பாங் பையன்கள் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். கம்பெனியில் ஆளுக்கொரு பன்னும் தண்ணீர் போத்தலும் கொடுத்தார்கள். பயணிகள் எலுமிச்சம்பழம் வைத்தவனைத் திட்டினார்கள். ஒரு சீனக் கிழவி மட்டும், வைத்தவனாவது நல்லதுக்கு வைத்தான், பார்த்தவன் பேசாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கக் கூடாதா என்று பொதுவாகக் கேட்டாள். நான் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை ஆயிற்று. ஷாமினிக்குச் செய்தி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதினேன். வருகிறவன் ஏன் வரவில்லை என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அழித்தேன். பதினொன்றுக்கு மறுபடி எழுதினேன். நான் வருவதே தெரியாதவர்கள் எதற்குக் காத்திருக்கப் போகிறார்கள் என்று அதையும் அழித்தேன். காளிதாஸ் எப்போதோ முடித்திருப்பான். அவனைத் திட்டலாம் என்று பார்த்தேன், மனம் ஒட்டவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு விமானம் கிளம்பியது. நாகமுத்துவின் இருக்கை காலி. விசாரணை முடியாததால் அவனை ஏற்றவில்லை. பணிப்பெண் ஒலிபெருக்கியில் இந்த வரலாற்றுப் பயணத்தில் கலந்துகொண்டதற்கு நன்றி சொன்னாள். பினாங்கில் இறங்கியதும் இரண்டு தீயணைப்பு வண்டிகள் இருபக்கமும் நின்று விமானத்தின்மேல் வளைவாகத் தண்ணீர் பீய்ச்சின. முதல் விமானத்துக்கு அது மரியாதையாம். மூன்றரை மணி நேரம் தாமதமானாலும் அந்த மரியாதையை மட்டும் விடவில்லை. ஜன்னலில் தண்ணீர் வழிந்தது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது.

மண்டபத்துக்குப் போனபோது ஒன்றரை நெருங்கிவிட்டது. விமான நிலையத்தில் வேட்டி மாற்றத் தோன்றவில்லை. கசங்கிய காற்சட்டையோடுதான் நுழைந்தேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கறி வறுவல் வாசனை. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒரு வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை செய்கிற வேலையா என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்ல யாருமில்லை. பவானேஸ்வரி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அத்தனை ஆசைப்பட்ட காளிதாஸின் முகம் முதலில் எதிரே வந்தது. அதில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

“பதினொன்னு அம்பத்தஞ்சு வரைக்கும் நின்னோம் மச்சான். அதுக்கு மேல முடியல. மன்னிச்சிக்குங்க.”

எதற்கு நின்றார்கள்? எனக்குப் புரியவில்லை. ஷாமினி மாலையோடு வந்தாள். கழுத்தில் தாலி. கண் மை கலைந்திருந்தது. என்னைப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

“நாகமுத்து அங்கிள் காலையிலயே அம்மாவுக்குப் போன் பண்ணிட்டாருப்பா. நீங்க வந்துக்கிட்டு இருக்கீங்க, அவரு எலுமிச்சம்பழம் வெச்சதுல ப்ளேன் நின்னுபோச்சு, எல்லாம் அவரு தப்பு, உங்கள யாரும் கோவிச்சுக்கக்கூடாது, உங்களுக்குப் போன் பண்ணிப் பதற வைக்கவும் கூடாது, எப்படியாவது நேரத்தத் தள்ளி வைங்கன்னு அழுதாரு. நான் மணையில உக்காந்துட்டேன். குருக்கள் திட்டுனாரு. அப்பா வராம தாரைக்குக் கைய நீட்ட மாட்டேன்னு சொன்னேன். சுரேனும் வெயிட் பண்ணலாம்னுட்டாரு.”

ஒன்றரை மணி நேரம். நான் செய்தி எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரமும் என் மகள் மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாணிக் கை.

“பழம் வெச்சத யாரோ பாத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களாம். யாருன்னு அங்கிள்கிட்ட கேட்டேன். தெரியாதுன்னுட்டாரு. யாருப்பா அது? கல்யாணத்துக்குப் போற மனுசன் உள்ள இருக்காருன்னு அந்த ஆளுக்குத் தெரியாதா?”

யாரென்று தெரியாது என்று நானும் சொல்லியிருக்கலாம். நாகமுத்து எனக்காக அந்த வழியைத் திறந்துதான் வைத்திருந்தான். அவன் போட்ட பிச்சை அது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு அருவருப்பாக இருந்தது. அவன் மேல் அல்ல.

“நான்தாம்மா சொன்னேன்.”

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், அழுவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. என் கையை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். மாலையைச் சரிசெய்துகொண்டாள். சுரேன் வாளியோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தான். அவனிடம் எனக்கு முன்னாலிருந்த இலையைக் காட்டினாள்.

“சாப்பிட்டுட்டு போங்கப்பா.”

சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுத் தூரத்துச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடமும் அதே சிரிப்போடு, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொன்னாள்.